ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரம்: பெத்தவங்களுக்கு நாமே வழித்துணை



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டு எழுந்திருக்கப் போனோம். அப்போது நம் உறுப்பினர் ஒருவர், "கொஞ்சம் இருங்கக்கா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறவர். அவர் சொன்னதைக் கேட்டபிறகு, இதை நம் இதழில் எல்லோருக்கும் எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அவருடைய அம்மாவுக்கு 72 வயது. பல வருஷமாக சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். அன்றைக்கு சாயங்காலம் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. தலை சுத்துது என்று படுத்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போனதும் பிரஷர், சுகர் பார்த்தார்கள். சுகர் சரியாகத்தான் இருந்தது. ரத்தம் எடுத்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சரில் ஓரமாகப் படுக்க வைத்து, "ரிசல்ட் வரட்டும், இருங்கம்மா" என்றார்கள்.

எட்டு மணி ஒன்பதானது, ஒன்பது பத்தானது. பின்னால் வந்தவர்களை எல்லாம் உள்ளே கூட்டிப்போகிறார்கள். நம் தோழிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏழைன்னா இளக்காரமா? நாங்க எப்ப வந்தோம்?" என்று வாசலில் நின்றவரிடம் சத்தம் போட்டார். திரும்பி வந்து பார்த்தால் அம்மா அமைதியாக இருக்கிறார். "அப்பாடா, தூங்கிட்டாங்க" என்று நினைத்து, தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து ஸ்ட்ரெச்சரில் இருந்த பெரியவரின் மகள்தான் பார்த்துச் சொல்லியிருக்கிறார். "என்னக்கா, உங்கம்மா நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது, கை ஜில்லுன்னு இருக்கு. கூப்பிட்டா எழுந்துக்கிறாங்களா பாருங்க." எழுந்துக்கொள்ளவில்லை. ஓடிப்போய் சிஸ்டரிடம் சொன்னார். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 46. உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சில நிமிஷத்தில் அம்மா கண் திறந்து, "எங்க இருக்கோம்?" என்று கேட்டாராம்.

நடந்தது இதுதான். சாயங்காலம் போட்ட ஊசி நேரம் ஆக ஆக வேலை செய்துகொண்டே இருந்தது. வயிற்றில் சாப்பாடு இல்லை. அதனால் முதலில் சரியாக இருந்த சுகர் பிறகு இறங்கிவிட்டது. "சுகர் இருக்கு" என்று சொன்ன தோழி, "இத்தனை மணிக்கு ஊசி போட்டோம், அதுக்கப்புறம் சாப்பிடல" என்று சொல்ல மறந்துவிட்டார். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் தோழி சொன்னார்: "நான் வாசல்ல நின்னு சண்டை போட்ட நேரம், எங்கம்மா மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கணும்க்கா."

தோழியரே, நாம் சொல்ல வந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் காத்திருப்பது சும்மா உட்கார்ந்திருப்பது அல்ல. அது ஒரு வேலை. ஒரு சிஸ்டர் பத்துப் பதினைந்து பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். நாம் பார்ப்பது ஒரே ஒருவரை. நம் ஊர் விரிஞ்சிபுரம் கோயில் சாமிக்கு மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணைநாதர் என்று பெயர். ஆஸ்பத்திரியில் அம்மா அப்பாவுக்கு வழித்துணை நாம்தான். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

பின்னால் வந்தவர் ஏன் முன்னால் போகிறார்?

ரேஷன் கடையில் முன்னால் வந்தவருக்கு முன்னால் கிடைக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் அந்தக் கணக்கு கிடையாது. யார் உயிருக்கு ஆபத்து அதிகமோ அவருக்குத்தான் முதலிடம்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 200 வருஷத்துக்கு முன்பு பிரான்ஸ் நாட்டில் நெப்போலியன் படையில் லாரே என்று ஒரு மருத்துவர் இருந்தார். அதிகாரியா, சாதாரண சிப்பாயா என்று பார்க்காமல், யாருக்குக் காயம் மோசமோ அவருக்கு முதலில் வைத்தியம் என்று பிரித்தார். அந்த முறைதான் இன்று உலகம் முழுக்க நடக்கிறது. நம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் வைத்துப் பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டியவர். மஞ்சள் என்றால் சீக்கிரம் பார்க்க வேண்டியவர். பச்சை என்றால் கொஞ்சம் காத்திருக்கலாம்.

நம் பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. ராத்திரி ஒரு விபத்து என்றால் ஒரே நேரத்தில் நாலைந்து பேரைக் கொண்டுவருவார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது. இன்று வங்காளம், வடகிழக்கு மாநிலங்களில் இருந்தெல்லாம் ஜனங்கள் வருகிறார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்கள் எல்லாம் வருகின்றன. கூட்டம் இருக்கத்தான் செய்யும்.

காத்திருக்கச் சொன்னால் நம்மை ஒதுக்குகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. இந்த நிமிஷம் உயிருக்கு ஆபத்து இல்லை என்று அவர்கள் கணித்திருக்கிறார்கள். ஆனால் முக்கியமான விஷயம்: அந்தக் கணிப்பு நாம் போய்ச் சேர்ந்த நேரத்துக்கானது. ஒரு மணி நேரத்தில் நிலைமை மாறலாம். பச்சை சிவப்பாகலாம். அந்த மாற்றத்தை முதலில் பார்க்கக் கூடியவர் பக்கத்தில் இருக்கும் நாம்தான்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது

நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, பேச்சுக் குழறுவது, நினைவு தப்புவது - இவை இருந்தால் ஆட்டோ தேட வேண்டாம். 108-க்கு போன் போடுங்கள். நம் மாநிலத்தில் 2008-ல் இருந்து நடக்கும் இலவச சேவை இது. வழியிலேயே ஆக்சிஜன் கொடுப்பார்கள், போகிற ஆஸ்பத்திரிக்கும் தகவல் சொல்ல முடியும். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதனால், "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்று சொல்லவே கூடாது. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாகப் பேசினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வயசானவர்களுக்கு மாரடைப்பு வந்தாலும் சில சமயம் நெஞ்சு வலியே இருக்காது. மூச்சுத் திணறல், வேர்வை, மயக்கம், வாந்தி மட்டும் இருக்கும். அதைக் "கேஸ் டிரபுள்" என்று சோடா குடிக்க வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒரு பையில் இவற்றை எடுத்துவையுங்கள்:

- சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம், அட்டையோடு. பழைய சீட்டு, இ.சி.ஜி., ஸ்கேன் இருந்தால் அதுவும்.
- ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை.
- மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல் செட்டு வைக்க ஒரு டப்பா.
- ஒரு போர்வை, ஒரு பழைய சேலை, மாற்றுத் துணி, துண்டு.
- தண்ணி பாட்டில், பிஸ்கட், போன் சார்ஜர், சின்ன நோட்டு, பேனா.

கம்மல், மூக்குத்தி, சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்கேனுக்குப் போகும்போது கழற்றச் சொல்வார்கள். அந்த அவசரத்தில் எங்கே வைத்தோம் என்றே தெரியாது.

போய்ச் சேர்ந்ததும் தானாகச் சொல்ல வேண்டியவை

கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எந்த மாத்திரை அல்லது ஊசியை எத்தனை மணிக்குப் போட்டார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, கீழே விழுந்தாரா, தலையில் அடிபட்டதா - இவ்வளவும் சொல்லுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதுவாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். "திட்டுவாங்களோ" என்று பயப்படாதீர்கள். அது தெரிந்தால்தான் சரியான வைத்தியம் நடக்கும்.

கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

படிக்காதவர்கள் என்று கூச்சப்பட வேண்டாம். மெதுவாக, மரியாதையாகக் கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. "இப்ப எதுக்காகக் காத்திருக்கோம் சிஸ்டர்? ரிசல்ட்டுக்கா, பெரிய டாக்டருக்கா, படுக்கைக்கா?" ரத்தப் பரிசோதனைக்கே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். காரணம் தெரிந்தால் பாதிக் கவலை குறையும்.
2. "தண்ணி, கஞ்சி கொடுக்கலாமா?"
3. "வழக்கமா போடுற மாத்திரை, ஊசி இப்ப போடலாமா, வேணாமா?"
4. "எது நடந்தா நான் உங்களை உடனே கூப்பிடணும்?"

சாப்பாடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாசத்தில் ஒரு வாய் காபி கொடுத்துவிடுவோம். ஆபரேஷன் தேவைப்பட்டால் அதனால் தள்ளிப்போகும். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும். கொடுத்தது மூச்சுக்குழாயில் போய்விடும். கேட்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம். அதே சமயம், சர்க்கரை நோய் உள்ளவரைச் சாப்பிடாமல் வெகுநேரம் வைத்திருந்தால், "இத்தனை மணி நேரமா சாப்பிடல, ஒரு தடவை சுகர் பாருங்க" என்று நாமே ஞாபகப்படுத்த வேண்டும். சுகர் 70-க்குக் கீழே போனால் அது தாழ்நிலை. வேர்வை, நடுக்கம், படபடப்பு, உளறல், அசந்து போவது எல்லாம் அதன் அறிகுறிகள்.

கண்ணும் காதும் நாம்தான்

அரை மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பேச்சுக் கொடுங்கள். "யம்மா, நான் யாரு சொல்லு" என்று கேளுங்கள். தூங்குகிறார் என்று தோன்றினாலும் லேசாக எழுப்பிப் பாருங்கள். எழுந்து பதில் சொன்னால் தூக்கம். எழவில்லை என்றால் அது தூக்கம் அல்ல.

இவற்றில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள்: மூச்சு வாங்குவது அதிகமாவது, நெஞ்சு வலி, உதடு நீலமாவது, குளிர்ந்த வேர்வை, வாய் கோணல், வலிப்பு, ரத்த வாந்தி, கறுப்பு மலம், திடீரென்று குழப்பமாகப் பேசுவது, எழுப்பினால் எழாதது.

சொல்லும்போது சண்டைக்குரல் வேண்டாம். "எவ்வளவு நேரமா காக்க வெக்கிறீங்க?" என்றால் எதிரில் இருப்பவர் நம் கோபத்துக்குத்தான் பதில் சொல்வார். "பத்து மணிக்கு நல்லா பேசினாங்க. இப்ப பத்தரை, கூப்பிட்டா எழுந்துக்கல. கொஞ்சம் வந்து பாருங்க" என்று சொன்னால் அவர் எழுந்து வந்தே ஆக வேண்டும். எப்படி இருந்தது, இப்போது எப்படி மாறியது - இந்த ரெண்டையும் நேரத்தோடு சொல்வதுதான் வழி. யாரும் வரவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். அடுத்த சிஸ்டர், டூட்டி டாக்டர் என்று போய்ச் சொல்லுங்கள்.

வயசான உடம்பு, வயசான மனசு

ஸ்ட்ரெச்சர் கட்டாந்தரை மாதிரி. வயசானவர்களுக்குத் தோல் மெலிந்திருக்கும். ரெண்டு மூன்று மணி நேரம் ஒரே பக்கம் படுத்தால் இடுப்பு, குதிகால் சிவந்து புண்ணாக ஆரம்பிக்கும். சிஸ்டரிடம் கேட்டுவிட்டுத் திருப்பிப் படுக்க வையுங்கள். போர்வையை மடித்துக் காலுக்குக் கீழே வையுங்கள். ஆனால் கீழே விழுந்து இடுப்பிலோ கழுத்திலோ அடிபட்டவரை நாமாக அசைக்கக் கூடாது.

பெரியவர்கள், அதிலும் நம் அம்மா மாமியார்கள், நாலு பேர் நடுவில் ஒண்ணுக்கு வருகிறது என்று சொல்ல வெட்கப்படுவார்கள். அடக்கிக்கொள்வார்கள், அல்லது தானாக இறங்கப் பார்த்து விழுவார்கள். ரெண்டு மணிக்கு ஒரு தடவை நாமே காதருகே கேட்க வேண்டும். பெட் பேன் கேட்டு வாங்கி, பழைய சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ளலாம். ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பி மேலே தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ராத்திரி ஆனதும் சிலர், "மாட்டை அவிழ்த்துக் கட்டு, வீட்டுக்குப் போலாம்" என்று ஏதேதோ பேசுவார்கள். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது, காத்து கருப்பு அடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். நோய்த் தொற்று, நீர் வற்றுவது, வலி, தூக்கமின்மை, புது இடம் இவற்றால் வயசானவர்களுக்கு வரும் குழப்பம் அது. காய்ச்சலே இல்லாமல் இந்தக் குழப்பம் மட்டுமே நோய்த் தொற்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணாடியையும் காது மெஷினையும் போட்டுவிடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "இது ஆஸ்பத்திரி, நான் உன் பொண்ணு, ராத்திரி பதினொரு மணி ஆச்சு" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். எதிர்த்துப் பேச வேண்டாம்.

அவர்கள் எதிரிலேயே செலவுக் கணக்கு பேசாதீர்கள். "என்னால உங்களுக்குத் தொல்லை, வீட்டுக்கே கூட்டிப் போயிடு" என்று சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டு ரிசல்ட் வருமுன் கிளம்புவது ஆபத்து. போக வேண்டும் என்றால் மருத்துவரைப் பார்த்து, போனால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். "இங்க லேட் ஆகும், நான் வேற இடம் காட்டறேன்" என்று வாசலில் யாராவது அழைத்தால் நம்பிப் போக வேண்டாம்.

பணத்துக்கு என்ன வழி?

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் இருந்து நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் குறிப்பிட்ட சிகிச்சைகள் கிடைக்கும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்மிஷன் என்றதும், பணம் கட்டுவதற்கு முன்பே, அங்கே உள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

ஷூ கம்பெனி, தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் தோழியர் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தால், நம்மை நம்பி இருக்கும் அம்மா அப்பாவுக்கும் அதில் மருத்துவம் உண்டு. ஆனால் அவர்கள் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வேலை செய்யும் பெண்ணின் மாமனார் மாமியாரையும் குடும்பம் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. கம்பெனி அலுவலகத்தில் கேட்டுப் பெயர் சேருங்கள். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே செய்வது நல்லது.

குழுவாக நாம் செய்யக் கூடியது

ஒருத்தியே ராத்திரி பகல் இருந்தால் ரெண்டாம் நாள் அவளே படுத்துவிடுவாள். கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகும், பிள்ளைகள் பட்டினி கிடக்கும் என்ற கவலை வேறு. பெண் பிள்ளைதான் இருக்க வேண்டும், மருமகள்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? மகன்களும் முறை வைத்து இருக்கட்டும். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். மற்றவர் வெளியே இருந்து மருந்து வாங்கலாம், ரிசல்ட் வாங்கலாம். முறை மாறும்போது நோட்டைக் கையில் கொடுத்து, என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

நம் குழுவில் இந்த மாதக் கூட்டத்தில் நாலு முடிவு எடுத்திருக்கிறோம். உங்கள் குழுவிலும் பேசிப்பாருங்கள்.

- ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்களுக்கு ஒரு "அவசரச் சீட்டு" எழுதிவைப்பது. பெயர், வயது, நோய், மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து, ரெண்டு போன் நம்பர். எழுதத் தெரியாதவர்களுக்குக் குழுவில் படித்த பெண்கள் எழுதித்தருவார்கள்.
- ராத்திரி எந்நேரம் கேட்டாலும் கொடுக்க, குழுவில் ஒரு சிறு தொகையை அவசரக் கடனுக்கு என்று ஒதுக்குவது. கந்துவட்டிக்குப் போகக் கூடாது.
- ஒரு உறுப்பினர் ஆஸ்பத்திரியில் இருந்தால், அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் சோறு போடுவது, இன்னொருவர் மறுநாள் முறைக்குப் போவது.
- பாலாற்றில் வெள்ளம் வரும் காலத்தில் எந்த வழியாக வேலூர் போவது என்று முன்பே பேசிவைப்பது. 2021 நவம்பரில் பட்ட கஷ்டம் மறக்கவில்லை.

இந்த எண்களைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனை 104. முதியோர் உதவி 14567. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 1800 425 3993.

நம் தோழி இப்போது அம்மாவின் சீட்டைப் பர்சிலேயே வைத்திருக்கிறார். முதல் வரியில் "இன்சுலின் போடுகிறார், சாப்பிடாவிட்டால் சுகர் பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறார். அதை எல்லோருக்கும் காட்டிவிட்டு, அந்த ராத்திரி பக்கத்து ஸ்ட்ரெச்சரில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொன்னார். "அவங்க பேரு கூட கேட்கலக்கா."

காத்திருக்கும் இடத்தில் நம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்போது பக்கத்தில் தனியாகக் கிடக்கும் ஒருவரையும் ஒரு பார்வை பார்ப்போம். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு அவசரச் சீட்டோடு வாருங்கள் தோழியரே.